மைக்ரோஅரே அலசும் மென்பொருள்கள்: எது கைகொடுக்கும், எது காலை வாரும்

நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கம் பயோடெக் அல்லது பயோஇன்ஃபர்மேட்டிக்ஸ் படிக்கிற எம்.எஸ்சி. மாணவர்களுக்குக் கடைசி செமஸ்டரில் ப்ராஜெக்ட் தலைவலி வந்தே தீரும். ஆய்வகத்தில் உட்கார்ந்து செய்ய ரசாயனத்துக்குக் காசு வேண்டும். காசு இல்லாதவர்களுக்கு இருக்கிற நல்ல வழி, அமெரிக்காவின் என்சிபிஐ 2000-ல் தொடங்கிய ஜிஇஓ களஞ்சியம். அங்கே இலவசமாகக் கிடக்கிற மரபணு வெளிப்பாட்டுத் தரவை எடுத்து அலசலாம். மைக்ரோஅரே என்பது ஆயிரக்கணக்கான மரபணுக்களின் வெளிப்பாட்டை ஒரே சிப்பில் அளக்கும் முறை. ஆர்என்ஏவையே வரிசைப்படுத்திப் படிக்கிற ஆர்என்ஏ-சீக் வந்த பிறகு மைக்ரோஅரே பழசாகிவிட்டதே என்று கேட்பவர்களுக்குப் பதில் எளிது. ஆர்என்ஏ-சீக்கில் ஒரு மாதிரியின் மூலக் கோப்பே பல ஜிபி ஆகும். அஃபிமெட்ரிக்ஸின் யூ133 ப்ளஸ் 2.0 சிப்பில் ஒரு மாதிரியின் மூலக் கோப்பு (சிஇஎல்) சுமார் 13 எம்பி. செல்போன் ஹாட்ஸ்பாட்டில் இறக்கலாம், 8 ஜிபி ராம் உள்ள லேப்டாப்பில் முடிக்கலாம்.

இதற்கான மென்பொருள் நிறைய உண்டு. இங்கே இலவசமாகக் கிடைக்கும் மூன்றை விரிவாகவும் மற்றவற்றை ஓரிரு வரியிலும் பார்க்கிறோம்: இணையத்திலேயே ஓடும் ஜிஇஓ2ஆர், தெர்மோ ஃபிஷர் தரும் டிரான்ஸ்கிரிப்டோம் அனாலிசிஸ் கன்சோல் (இனி டிஏசி), ஆர் மொழியில் ஓடும் பயோகண்டக்டர். அளவுகோல் ஒன்றுதான். எல்லா மென்பொருளும் உங்களைக் கேட்காமலே சில முடிவுகளை எடுக்கும். எந்தத் தரவிலிருந்து தொடங்குவது, லாக் போடுவதா வேண்டாமா, எப்படி நார்மலைஸ் செய்வது, எந்தப் பி-மதிப்பைக் காட்டுவது. அந்த முடிவுகளை வெளியே காட்டி, மாற்றவும் விடுகிற மென்பொருளுக்கு நல்ல மார்க். மறைக்கிறதற்குக் குறைவு. வைவாவில் வெளித்தேர்வாளர் கேட்கப்போவதும் இதைத்தான்.

ஜிஇஓ2ஆர்: பார்ப்பதற்கு நல்லது, அதை மட்டும் நம்பி முடிப்பதற்கு அல்ல

நிறுவ எதுவும் இல்லை, கணக்கும் வேண்டாம். ஜிஎஸ்இ எண்ணை (ஜிஇஓவில் ஒரு தரவுத் தொகுப்பின் எண்) கொடுத்து, எந்த மாதிரி எந்தக் குழு என்று குறித்து, அனலைஸ் பொத்தானை அழுத்தினால் எரிமலைப் படம், பாக்ஸ்பிளாட், அடர்த்திப் படம், யூமேப் எல்லாம் வந்துவிடும். அடியில் ஓடுவது லிம்மா, அதாவது உலகமே பயன்படுத்துகிற அதே ஆர் பொதி (பேக்கேஜ்). பல தரவுத் தொகுப்புகளைப் புரட்டி ஒன்றைத் தேர்ந்தெடுக்க இதைவிட வேகமான கருவி இல்லை.

ஆனால் இது தொடங்குவது மூலக் கோப்பிலிருந்து அல்ல. தரவைப் போட்ட ஆய்வுக்குழு தானே பதப்படுத்திப் பதிவேற்றிய சீரிஸ் மேட்ரிக்ஸ் கோப்பிலிருந்து. அந்தக் குழு மாஸ்5 என்ற பதப்படுத்தும் முறையைப் போட்டிருந்தால் நீங்களும் மாஸ்5. ஆர்எம்ஏ போட்டிருந்தால் ஆர்எம்ஏ. எதையாவது அரைகுறையாகச் செய்திருந்தால் அதுவும் உங்கள் தலையில். மாதிரிப் பக்கத்தில் ‘டேட்டா ப்ராசஸிங்’ என்ற வரியைப் படிக்காமல் பொத்தானை அழுத்தவே கூடாது.

லாக் விஷயத்தில் இது ஒரு யூகம் செய்யும். மதிப்புகளின் 99-வது சதமானம் 100-ஐத் தாண்டினால், இது லாக் போடாத தரவு என்று முடிவுசெய்து லாக்2 போட்டுவிடும். வேறொரு சோதனையும் கூடவே உண்டு. பெரும்பாலும் யூகம் சரியாகவே இருக்கும். பின்னணியைக் கழித்து எதிர்மறை எண்கள் வந்திருக்கிற இலுமினா தரவில் மட்டும் கவனம் வேண்டும். எதிர்மறை எண்ணுக்கு லாக் கிடையாது, அந்த இடங்கள் வெற்றாகப் போய்விடும். பாக்ஸ்பிளாட்டைப் பார்த்தாலே தெரியும். ஆர்எம்ஏ போட்ட லாக்2 மதிப்பு ஏறக்குறைய 2-க்கும் 15-க்கும் இடையில் நிற்கும். பெட்டிகள் 1-க்கும் 4-க்கும் நடுவே சுருங்கிக் கிடந்தால் லாக்குக்கு மேல் லாக் விழுந்திருக்கிறது. ஆயிரக்கணக்கில் எகிறினால் லாக்கே விழவில்லை. ஆப்ஷன்ஸ் பகுதியில் ஆம், இல்லை என்று கைப்பட மாற்றலாம்.

இரண்டாவது சிக்கல் கூட்டல்-கழித்தல் குறியில். எந்தக் குழுவை முதலில் வரையறுத்தீர்களோ அதைப் பொறுத்து ஏற்றம் இறக்கமாகும், இறக்கம் ஏற்றமாகும். பட்டியலில் ஒரு மரபணுவை எடுத்து, அதன் வரிப்படத்தைத் திறந்து, நோயாளி மாதிரிகளில் மதிப்பு உண்மையிலேயே கூடியிருக்கிறதா என்று கண்ணால் பார்த்துவிட வேண்டும். அரை நிமிட வேலை. இதைச் செய்யாததால் ஏற்றப் பட்டியலும் இறக்கப் பட்டியலும் இடம்மாறி, அதற்கு மேல் பாத்வே, நெட்வொர்க், டாக்கிங் என்று மாடி கட்டிய ப்ராஜெக்டுகள் உண்டு.

திரையில் தெரிவது முதல் 250 வரிகள் மட்டும். முழு அட்டவணையை இறக்கும் இணைப்பு தனியாக இருக்கிறது. ‘250 டிஇஜி (வெளிப்பாடு மாறிய மரபணு) கிடைத்தது’ என்று எழுதியிருந்தால் அந்த மாணவர் இணைப்பைப் பார்க்கவில்லை என்று அர்த்தம்.

பெரிய குறை, ஜோடி மாதிரிகளை இது கையாளாது. ஒரே நோயாளியின் கட்டித் திசுவும் அருகிலுள்ள நல்ல திசுவும் இருக்கிற தொகுப்பில், நோயாளிக்கு நோயாளி உள்ள வேறுபாட்டைக் கழித்துவிட்டுப் பார்க்க வேண்டும். அதற்கு இங்கே இடமில்லை. பேட்ச் வேறுபாட்டுக்கும், அதாவது மாதிரிகளை வேறு வேறு நாளில் ஓட்டியதால் வருகிற வேறுபாட்டுக்கும், அப்படியே. ஆனால் ஆர் ஸ்கிரிப்ட் என்று ஒரு தாவல் இருக்கிறதே, அதுதான் ஜிஇஓ2ஆரின் மிக நல்ல அம்சம். தான் செய்தது அத்தனையையும் வரி வரியாக அங்கே எழுதிக் காட்டும். அதை நகலெடுத்து, சொந்தக் கணினியில் ஓட்டி, டிசைன் வரியில் நோயாளி எண்ணைச் சேர்த்தால் குறை தீர்ந்தது. மறைக்காததற்காக முழு மார்க்.

டிஏசி: பொத்தான் பிரியர்களுக்கு

அஃபிமெட்ரிக்ஸ் 2016-ல் தெர்மோ ஃபிஷர் கைக்குப் போனது. டிஏசி அவர்களுடைய இலவச மென்பொருள், விண்டோஸில் மட்டும் ஓடும். சிஇஎல் கோப்புகளை நேராகத் திறந்து, ஆர்எம்ஏ போட்டு, குழு ஒப்பீடு செய்து, ஹீட்மேப் வரை கொண்டுவரும். நிரல் ஒரு வரி எழுதத் தெரியாதவரும் ஒரு மாலையில் பழகிவிடலாம். மூலக் கோப்பிலிருந்து தொடங்குவதால் ஜிஇஓ2ஆரைவிட ஒரு படி மேல். மாதிரிகளின் தரக்கட்டுப்பாட்டுப் படங்களும் பார்க்கத் தெளிவு.

நிறுவும்போது தடங்கும் இடம் லைப்ரரி கோப்பு. ஒவ்வொரு சிப் வகைக்கும் தனித்தனியாக இறக்க வேண்டும்; இறக்காவிட்டால் சிஇஎல் கோப்பைச் சேர்த்தும் ஒன்றும் நடக்காது. ஜிஇஓவிலிருந்து வரும் கோப்புகள் சுருக்கிய வடிவில் இருக்கும். இங்கே போடுமுன் விரித்துவிட வேண்டும்.

ஒரு குறை சொல்லியே ஆக வேண்டும். தொடக்க வடிகட்டி, மடங்கு 2-க்கு மேல் அல்லது -2-க்குக் கீழ், பி-மதிப்பு 0.05-க்குக் கீழ் என்று இருக்கும். அது திருத்தப்படாத பி-மதிப்பு. யூ133 ப்ளஸ் 2.0 சிப்பில் 54,675 ப்ரோப்செட்டுகள் உண்டு (ஒரு மரபணுவை அளக்கும் சிறு டிஎன்ஏ துண்டு ப்ரோப்; அவற்றின் தொகுதி ப்ரோப்செட்). இரு குழுவுக்கும் எந்த வித்தியாசமும் இல்லாவிட்டாலும் அதில் 5 சதவீதம், அதாவது ஏறக்குறைய 2,734, தற்செயலாகவே 0.05-க்குக் கீழே போய் உள்ளே வரும். மடங்கு வடிகட்டி அதில் ஒரு பகுதியை வெளியேற்றும், மீதி உங்கள் பட்டியலில் உட்கார்ந்துகொள்ளும். இதற்காகத் திருத்திய மதிப்பைத் தரும் எஃப்டிஆர் என்ற பத்தி பக்கத்திலேயே இருக்கிறது; வடிகட்டியை அதற்கு மாற்றுங்கள். மாற்றியதும் பட்டியல் சட்டென்று சுருங்கினால் பதற வேண்டாம், முன்பு இருந்த நீளம்தான் பொய்.

டிஏசியில் மடங்கு நேரடியாக வரும்: 2 என்றால் இரட்டிப்பு, -2 என்றால் பாதி. லிம்மாவில் வருவது லாக்2: 1 என்றால் இரட்டிப்பு, -1 என்றால் பாதி, 1.5 என்றால் சுமார் 2.83 மடங்கு, 2 என்றால் நான்கு மடங்கு. ஒரு கட்டுரையில் ‘மடங்கு 2’ என்றும் இன்னொன்றில் ‘லாக் மடங்கு 2’ என்றும் படித்து இரண்டையும் ஒன்றாக எண்ணுவது அடிக்கடி நடக்கிறது.

கிளாரியம் போன்ற புதிய சிப்களில் டிஏசி சாதாரண ஆர்எம்ஏவுக்குப் பதில் எஸ்எஸ்டி-ஆர்எம்ஏ என்ற வடிவத்தைத் தரும். மடங்கு வித்தியாசம் நசுங்கிப்போகாமல் சற்று விரித்துக் காட்டுவது அதன் வேலை. ஆகவே அதே கோப்புகளை ஆரில் ஓட்டி ஒப்பிட்டால் எண்கள் பொருந்தாது. எதுவும் கெட்டுப்போகவில்லை, எந்த முறை என்று ஆய்வறிக்கையில் எழுதினால் போதும். அஃபிமெட்ரிக்ஸ் அல்லாத சிப் என்றால் டிஏசி உதவாது.

பயோகண்டக்டர்: கொஞ்சம் கஷ்டம், ஆனால் இதுதான்

2001-ல் தொடங்கிய திட்டம். இலவசம், விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். செய்த ஒவ்வொரு அடியும் ஒரு வரியாக ஸ்கிரிப்டில் நிற்கும். எங்கள் தேர்வு இதுதான். ஆனால் முதல் வாரத்தில் இது மனிதரை அழவைக்கும், எனவே அழவைக்கும் இடங்களைச் சொல்லிவிடுகிறோம்.

நிறுவுதல். பயோகண்டக்டர் ஆண்டுக்கு இரண்டு பதிப்பு வெளியிடும். ஒவ்வொரு பதிப்பும் ஆரின் ஒரு குறிப்பிட்ட பதிப்போடு கட்டப்பட்டது. கல்லூரி லேபில் எப்போதோ போட்ட பழைய ஆர் இருந்தால் பாதி பொதிகள் நிற்காது. அதன் மேல் ஒட்டுப்போட முயலாமல் ஆரையே புதிதாக நிறுவுங்கள். பயோக்மேனேஜர் என்ற பொதியை முதலில் போட்டு, மற்றதெல்லாம் அதன் வழியாகவே. நடுவில் ‘மூல நிரலிலிருந்து தொகுக்கவா’ என்று கேட்டால், விண்டோஸில் இல்லை என்று சொல்வதே நல்லது. ஆம் என்றால் ஆர்டூல்ஸ் கேட்கும். பயனர் கோப்புறைப் பெயரில் இடைவெளியோ தமிழ் எழுத்தோ இருந்தாலும், ஒன்டிரைவ் அந்தக் கோப்புறையைப் பிடித்து வைத்திருந்தாலும் சில பொதிகள் முரண்டுபிடிக்கும். சி டிரைவில் சின்னப் பெயரில் ஒரு கோப்புறை போட்டு அங்கே வேலைசெய்வது நிம்மதி.

தரவை இறக்குதல். ஆரில் ஒரு கோப்பை இறக்க இயல்பாகத் தரப்படும் நேரம் 60 வினாடி. குலசேகரம், பேச்சிப்பாறை பக்கம் டவர் ஒரு கோடும் இரு கோடும் காட்டுகிற இடத்தில் 100 எம்பி தொகுப்பு 60 வினாடியில் எப்படி இறங்கும்? பாதியில் அறுந்து, நீளம் பொருந்தவில்லை என்று பிழை வரும். டைம்அவுட் மதிப்பை 3600 என்று ஏற்றிவிட்டு இறக்குங்கள். இன்னொன்று: ஜிஇஓகொயரி பொதி, முன்பே இறக்கிய கோப்பு கோப்புறையில் இருந்தால் அதையே எடுத்துக்கொள்ளும். பாதியில் அறுந்த கோப்பு அங்கே கிடந்தால் அதையும்தான். பத்து முறை ஓட்டினாலும் அதே பிழை வரும். அந்த அரைக் கோப்பைத் தேடி அழித்துவிட்டு மறுபடி ஓட்டினால் சரியாகும். இல்லையென்றால் பிரவுசரிலேயே ‘ரா’ டார் கோப்பை இறக்கிக்கொள்ளலாம்.

அஃபியா, ஒலிகோவா. யூ133 போன்ற பழைய சிப்களுக்கு அஃபி பொதி. ஹியூமன் ஜீன் 1.0 எஸ்டி போன்றவற்றுக்கு ஒலிகோ. எஸ்டி சிப்பை அஃபியில் திறந்தால், இந்தச் சிப்புக்கு நான் இல்லை, ஒலிகோவைப் பார் என்று அதுவே சொல்லிவிடும். ‘சிடிஎஃப் சூழல் கிடைக்கவில்லை’ என்று வந்தால் அந்தச் சிப்புக்குரிய சிடிஎஃப் பொதி (எந்த ப்ரோப் எங்கே இருக்கிறது என்று சொல்வது) நிறுவப்படவில்லை. இணையம் இல்லாத நேரத்தில் இது கட்டாயம் வரும். நினைவகக் கணக்கும் எளிது. யூ133 ப்ளஸ் 2.0-வில் 1164-க்கு 1164 கட்டங்கள், மொத்தம் சுமார் 13.5 லட்சம் எண்கள். ஆரில் ஒவ்வொன்றும் 8 பைட். ஒரு சிப்புக்குப் பதினோரு எம்பி. ஐம்பது சிப் என்றாலும் 550 எம்பிதான். ஆர்எம்ஏ ஓடும்போது ஓரிரு நகல் எடுக்கும், அதைச் சேர்த்தாலும் 8 ஜிபியில் அடங்கும். 4 ஜிபி மெஷின் என்றால் ஜஸ்ட்ஆர்எம்ஏ என்ற கட்டளை குறைந்த நினைவகத்தில் அதே வேலையை முடிக்கும்.

ஆர்எம்ஏ. மூன்று வேலை செய்யும்: பின்னணி ஒளியைக் கழிக்கும், எல்லாச் சிப்களின் மதிப்புப் பரவலையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவரும் (குவான்டைல் நார்மலைசேஷன்), ஒரு ப்ரோப்செட்டில் உள்ள 11 ப்ரோப்களை மீடியன் பாலிஷ் மூலம் ஒரே எண்ணாகச் சுருக்கும். வெளிவருவது லாக்2-இல் இருக்கும், மறுபடி லாக் போடக்கூடாது. இந்த முறைக்கு அடியில் ஒரு அனுமானம் இருக்கிறது: பெரும்பாலான மரபணுக்கள் குழுக்களுக்கிடையே மாறவில்லை. அதனால் நோயாளிச் சிப்களைத் தனியாகவும் கட்டுப்பாட்டுச் சிப்களைத் தனியாகவும் ஆர்எம்ஏ போட்டு, பிறகு ஒட்டவைப்பது பெரிய தவறு. எல்லாவற்றையும் ஒரே தடவையில் போட வேண்டும். ஒரு சிப்பைத் தூக்கினாலும் சேர்த்தாலும் மற்ற எல்லாச் சிப்பின் எண்களும் சற்று மாறும், அதுவும் இயல்பே. இரண்டு வேறு ஜிஎஸ்இ தொகுப்புகளின் ஆர்எம்ஏ மதிப்புகளைப் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி ‘மாதிரி எண்ணிக்கையைக் கூட்டினோம்’ என்பதும் இதே வகைத் தவறுதான்.

ஆர்எம்ஏ முடிந்ததும் முடிவைக் கோப்பாகச் சேமித்துவிடுங்கள். இரண்டு பருவமழையும் பெய்கிற மாவட்டம் இது. ஆனியிலும் கரண்ட் போகும், ஐப்பசியிலும் போகும். பேட்டரி செத்த லேப்டாப்பில் சேமிக்காமல் ஓட்டினால் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

தரம் பார்த்தல். அஃபிபிஎல்எம் பொதியில் ஆர்எல்இ, நியூஸ் என்று இரண்டு படங்கள். ஆர்எல்இயில் பெட்டிகள் 0-வைச் சுற்றி நிற்க வேண்டும். நியூஸில் 1-ஐச் சுற்றி. ஒரு சிப்பின் நியூஸ் நடுமதிப்பு 1.05-ஐத் தாண்டினால் சந்தேகப்படலாம். ஆர்என்ஏ சிதைந்திருக்கிறதா என்று பார்க்க சிப்பிலேயே ஏற்பாடு உண்டு: ஜிஏபிடிஹெச் மரபணுவின் 3’ முனை, 5’ முனை ப்ரோப்களின் விகிதம் 3-க்குள் இருந்தால் பரவாயில்லை என்பது வழக்கமான அளவு. மாதிரி இடம்மாறியிருக்கிறதா என்று தெரிய ஒரு மலிவான சோதனை: எக்ஸ்ஐஎஸ்டி மரபணு பெண்களில் ஓங்கியிருக்கும், ஆர்பிஎஸ்4ஒய்1 ஆண்களில். இரண்டையும் எதிரெதிரே வரைந்து, பதிவில் சொல்லியிருக்கிற பால் விவரத்தோடு பொருந்துகிறதா என்று பார்த்தால், பெயர்ச்சீட்டு மாறிய மாதிரி தனியே நிற்கும். பதிவேற்றப்பட்ட தரவிலும் இப்படிப்பட்ட மாற்றங்கள் உண்டு.

பெயர் வரிசை. இது சத்தமே இல்லாமல் கெடுக்கிற இடம். சிஇஎல் கோப்புகளை ஆர் அகரவரிசையில் படிக்கும். மாதிரி விவர அட்டவணை வேறு வரிசையில் இருக்கலாம். ஐந்து இலக்க ஜிஎஸ்எம் எண்ணும் (ஜிஇஓவின் மாதிரி எண்) ஆறு இலக்க எண்ணும் ஒரே தொகுப்பில் கலந்திருந்தால், அகரவரிசையில் 100001 முதலில் வந்து 99998 பிறகு வரும். பிழைச்செய்தி எதுவும் வராது, குழுக்கள் மட்டும் கலங்கிவிடும். வரிசையை நம்பாமல் பெயரை வைத்துப் பொருத்த வேண்டும்.

லிம்மா. மெல்பர்னில் கார்டன் ஸ்மித் தொடங்கியது. அதன் அடிப்படைக் கணக்கு 2004-ல் வெளியானது. குழுவுக்கு மூன்று மூன்று மாதிரி மட்டும் இருக்கிறபோது சாதாரண டி-சோதனை தடுமாறும். ஆயிரக்கணக்கான மரபணுக்களில் சிலவற்றுக்குத் தற்செயலாகவே மாறுபாடு மிகச் சிறிதாக வந்து, டி மதிப்பு வானத்துக்கு ஏறிவிடும். லிம்மாவின் ஈபேஸ் அடி, ஒரு மரபணுவின் மாறுபாட்டைத் தனியே நம்பாமல் எல்லா மரபணுக்களின் மாறுபாட்டிலிருந்தும் தகவல் வாங்கித் திருத்தும். ஒரு வயலின் மகசூலை மட்டும் பார்த்து முடிவுகட்டாமல் ஏலா (வயல்வெளி) முழுவதின் போக்கையும் சேர்த்துப் பார்ப்பது போல. சிறிய ஆய்வுகளுக்கு இது பெரிய பலம். ஜிஇஓ2ஆரும் டிஏசியும் இதையே கடன் வாங்கியிருப்பதில் வியப்பில்லை.

இங்கே விழக்கூடிய குழிகள் இரண்டு. ஆர், குழுப் பெயர்களை ஆங்கில அகரவரிசையில் அடுக்கி முதல் பெயரை அடிப்படைக் குழுவாக எடுக்கும். ‘நார்மல்’, ‘ட்யூமர்’ என்று பெயர் வைத்தால் அதிர்ஷ்டவசமாகச் சரியாக வரும். ‘கேஸ்’, ‘கண்ட்ரோல்’ என்று வைத்தால் கேஸ் முன்னால் வந்து அடிப்படையாகிவிடும், குறி எல்லாம் தலைகீழ். ரீலெவல் கட்டளையால் அடிப்படைக் குழுவை நாமே சொல்லிவிட வேண்டும். அடுத்தது, டாப்டேபிள் கட்டளை சும்மா விட்டால் 10 வரி மட்டும் தரும். முழு அட்டவணை வேண்டுமானால் எண்ணிக்கையை முடிவிலி என்று கொடுக்க வேண்டும்.

பேட்ச் வேறுபாடு. சிஇஎல் கோப்புத் தலைப்பில் ஸ்கேன் செய்த தேதி இருக்கும். அதை எடுத்து முதன்மைக்கூறுப் படத்தில் நிறமாகப் போட்டுப் பாருங்கள். மாதிரிகள் நோயைப் பொறுத்துப் பிரியாமல் தேதியைப் பொறுத்துப் பிரிந்தால் பேட்ச் இருக்கிறது. 2007-ல் வந்த காம்பேட் முறை பிரபலம். ஆனால் லிம்மாவுக்குப் போவதாக இருந்தால் பேட்சை டிசைனிலேயே ஒரு காரணியாகச் சேர்ப்பது சுத்தம். ரிமூவ்பேட்ச்எஃபெக்ட் கட்டளை படம் வரைவதற்கு மட்டும். அதன் விளைவை மறுபடி லிம்மாவுக்குள் விட்டால் பி-மதிப்பு தேவைக்கு மேல் சிறிதாகும். நோயாளிகளெல்லாம் ஒரு தேதியிலும் மற்றவர்களெல்லாம் இன்னொரு தேதியிலும் ஸ்கேன் செய்யப்பட்டிருந்தால், எந்த மென்பொருளாலும் இரண்டையும் பிரிக்க முடியாது. அந்தத் தொகுப்பை விட்டுவிட்டு வேறு எடுப்பதே வழி.

நெல் சிப் எடுப்பவர்களுக்கு

திருப்பதிசாரம் வேளாண் ஆராய்ச்சி நிலையத்தின் டிபிஎஸ் ரகங்களைக் கேட்டே வளர்ந்த மாவட்டத்தில் நெல் தரவு எடுக்கும் ஆசை இயல்பு. அஃபிமெட்ரிக்ஸ் நெல் சிப்பின் ஜிஇஓ எண் ஜிபிஎல்2025. வறட்சி, உப்பு, பூச்சித் தாக்குதல் என்று நிறையத் தொகுப்புகள் அதில் உண்டு. சிடிஎஃப் பொதி பயோகண்டக்டரில் கிடைக்கும். மனிதச் சிப்புக்கு இருப்பது போல ப்ரோப் எண்ணைக் கொடுத்தால் மரபணுப் பெயர் தரும் வசதியை எதிர்பார்க்காமல், ஜிஇஓவின் ஜிபிஎல் அட்டவணையை (சிப்பின் ப்ரோப் விவரப் பட்டியல்) இறக்கி இணைத்துக்கொள்ளுங்கள். நெல்லில் இரண்டு பெயர்முறை புழக்கத்தில் இருக்கிறது, எல்ஓசி என்று தொடங்குவதும் ராப்-டிபி எண்ணும். பாத்வே கருவி எதைக் கேட்கிறது என்று பார்த்து மாற்றாவிட்டால் ‘எதுவும் பொருந்தவில்லை’ என்று வரும்.

ரகங்களை ஒப்பிடும்போது இன்னும் ஒரு சிக்கல். அந்தச் சிப்பின் ப்ரோப்கள் பெரும்பாலும் ஜப்பானிகா நெல்லின் வரிசையை வைத்துச் செய்தவை. நம் கன்னிப்பூ, கும்பப்பூப் பருவங்களில் விளைகிறவை இண்டிகா. ப்ரோப்பின் நீளம் 25 எழுத்துதான். அதன் நடுவில் ஒரு எழுத்து வேறுபட்டாலே ஒட்டுவது குறையும், ஒளி மங்கும். மரபணு சமமாக வேலைசெய்தாலும் ஒரு ரகத்தில் இறங்கியது போலத் தெரியும். ஒரே ரகத்தில் உப்புநீர் விட்டதையும் விடாததையும் ஒப்பிட்டால் இந்தத் தொல்லை பெரும்பாலும் கழிந்துபோகும். ரகத்துக்கு ரகம் ஒப்பிட்டால் ப்ரோப் மட்டத்தில் இறங்கிப் பார்க்க வேண்டும்: 11 ப்ரோப்களில் ஒன்றிரண்டு மட்டும் விழுந்திருந்தால் அது வரிசை வேறுபாடு, எல்லாமே விழுந்திருந்தால் உண்மையான இறக்கம்.

மணவாளக்குறிச்சி மோனசைட் மணலை நினைத்துக் கதிர்வீச்சுத் தலைப்பு எடுப்பவர்கள் பெரும்பாலும் இரத்த மாதிரித் தொகுப்புக்கே போய்ச் சேருவார்கள். முழு இரத்தத்தில் குளோபின் ஆர்என்ஏ மிக அதிகம். மற்ற மரபணுக்களின் ஒளியை அமுக்கும். குளோபினைக் குறைத்துச் செய்த மாதிரியா, குறைக்காததா என்று பார்த்து, இரண்டையும் கலக்காமல் இருங்கள். வெள்ளையணுக்களின் வகை விகிதம் மாறினாலே நூற்றுக்கணக்கான மரபணுக்கள் மாறியதாகக் காட்டும் என்பதும் நினைவில் இருக்கட்டும்.

மற்ற சிப், மற்ற மென்பொருள்

இலுமினா பீட்சிப் என்றால் அவர்களுடைய ஜீனோம்ஸ்டூடியோ இருக்கிறது, விண்டோஸ் மட்டும். அதில் பின்னணி கழிக்கும் தெரிவைப் போட்டால் எதிர்மறை எண்கள் குவியும். கழிக்காமல், நார்மலைஸ் செய்யாமல் ஏற்றுமதி செய்து, லிம்மாவின் நெக் கட்டளையில் விடுவது நல்லது. அது சிப்பிலுள்ள நெகட்டிவ் கண்ட்ரோல் ப்ரோப்களை வைத்துப் பின்னணியைத் தானே சரிசெய்யும். ஆகவே கண்ட்ரோல் ப்ரோப் கோப்பையும் சேர்த்து எடுக்க மறக்க வேண்டாம்.

அஜிலென்ட் ஒற்றைநிறச் சிப்புக்கும் லிம்மாவே போதும்: பச்சை நிறம் மட்டும் என்று சொல்லிப் படிக்கவைத்து, நார்ம்எக்ஸ்ப் பின்னணித் திருத்தம், பிறகு குவான்டைல். ஒரே ப்ரோப் சிப்பில் பல இடங்களில் அச்சிடப்பட்டிருக்கும். அவற்றைச் சராசரியாக்க அவெரெப்ஸ். அஜிலென்டின் ஜீன்ஸ்பிரிங் நல்ல மென்பொருள்தான், ஆனால் உரிமம் வாங்க வேண்டும். மாணவர் ப்ராஜெக்டுக்கு அந்தச் செலவு வீண். திருட்டுப் பதிப்பு போட்டுத் தருகிறோம் என்கிற ப்ராஜெக்ட் சென்டர்களை நம்பி லேப்டாப்பில் வைரஸ் வாங்க வேண்டாம். எம்இவி, டிசிப் எல்லாம் ஒரு காலத்தில் கொடிகட்டிப் பறந்தவை. எக்செலுக்குள் உட்காரும் பிஆர்பி-அரேடூல்ஸும் அப்படியே. இப்போது புதிதாகப் பழகக் காரணம் இல்லை.

எக்செல் என்றதும் ஒன்று. முடிவுப் பட்டியலை எக்செலில் நேராகத் திறந்தால் செப்டின், மார்ச் குடும்ப மரபணுக்களின் பழைய பெயர்கள் தேதியாகிவிடும். இந்தத் தொல்லைக்காகவே மனித மரபணுப் பெயர்க் குழு 2020-ல் அவற்றின் பெயரை மாற்றியது. ஆனால் ஜிபிஎல் அட்டவணைகள் பழையவை, பழைய பெயர்களே அதில் இருக்கும். பத்தியை ‘டெக்ஸ்ட்’ என்று குறித்து இறக்குமதி செய்யுங்கள். மரபணுப் பத்தியில் ‘2-செப்’ என்று ஒரு வரி இருந்தால் அந்தக் கோப்பு எக்செல் வழியாக வந்திருக்கிறது.

ஒரே மரபணுவுக்குப் பல ப்ரோப்செட் வரும்போது எதை எடுப்பது என்றும் முன்பே முடிவுசெய்ய வேண்டும். பெயர் முடிவில் ‘எக்ஸ்_ஏட்’ என்று இருப்பவை வேறு மரபணுக்களோடும் ஒட்டக்கூடியவை, ‘எஸ்_ஏட்’ என்பவை ஒரே குடும்பத்துப் பல டிரான்ஸ்கிரிப்ட்டுகளுக்குப் பொதுவானவை. சராசரி வெளிப்பாடு அதிகமுள்ள ப்ரோப்செட்டை எடுப்பது ஒரு நியாயமான வழி. பி-மதிப்பு எதில் நன்றாக இருக்கிறதோ அதை எடுப்பது நியாயமில்லை.

அறிக்கையோடு சேர்க்க வேண்டியவை நான்கு: ஜிஎஸ்இ எண்ணும் சிப் எண்ணும், விலக்கிய மாதிரிகளும் காரணமும், முழு ஸ்கிரிப்ட், செஷன்இன்ஃபோ கட்டளை தரும் பதிப்பு விவரம். டிஏசியில் செய்தவர்கள் ஸ்கிரிப்டுக்குப் பதிலாகப் பதிப்பு எண்ணையும் வடிகட்டிகளையும் கையால் எழுதிவைக்க வேண்டும். ஜிஇஓ2ஆரில் செய்தவர்கள் ஆர் ஸ்கிரிப்ட் தாவலை அன்றைக்கே நகலெடுத்து வைத்துக்கொள்ளட்டும். அந்தத் தளத்தை அவ்வப்போது புதுப்பிக்கிறார்கள், ஆறு மாதம் கழித்து ஓட்டினால் அதே வரிகள் வருமென்று சொல்ல முடியாது.